பழைய லினக்ஸ் லேப்டாப்: ரேம் கூட்டுவதா, எஸ்எஸ்டி போடுவதா?

மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ ஒரு சர்வீஸ் கடையில் "லேப்டாப் ரொம்ப ஸ்லோ" என்று கொண்டுபோய் வைத்தால், "ரேம் கூட்டிடலாம் சார்" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள லேப்டாப்பில் லினக்ஸ் ஓடுகிறது என்றால், அந்தப் பணத்தை முதலில் எஸ்எஸ்டியில் (சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாகச் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) போடுவதே சரி. ரேம் பிறகு வரலாம். 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த விலையில்லா மடிக்கணினியானாலும், அலுவலகங்கள் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் ஆனாலும் இதுவே என் முடிவு. 2 ஜிபி மட்டும் உள்ளவை விதிவிலக்கு. அவற்றுக்குக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எதையும் வாங்கும் முன் அளந்து பாருங்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வயலையா வெட்டுவோம்? வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது என்றுதானே பார்ப்போம்! டெர்மினலில் விஎம்ஸ்டாட் (vmstat 1) கட்டளையை 1 நொடி இடைவெளியில் ஓடவிட்டு, வழக்கம்போல் பிரவுசரைத் திறந்து வேலை செய்யுங்கள். முதல் வரி, லேப்டாப்பைப் போட்டதிலிருந்து இதுவரைக்குமான சராசரி. அதை விட்டுவிடலாம். ரேமில் இடமில்லாமல் டிஸ்க்குக்குப் போய் வருவதைக் காட்டும் எஸ்ஐ (si), எஸ்ஓ (so) என்ற இரண்டு பத்திகளிலும் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தால் ரேம் போதவில்லை. அவை பூஜ்யத்தில் நிற்க, டபிள்யூஏ (wa) மட்டும் 20, 30 சதவீதம் என்று ஏறி நின்றால் ஹார்ட் டிஸ்க்குக்காகப் பிராசசர் காத்துக் கிடக்கிறது. மூன்றுமே அமைதியாக இருந்தும் லேப்டாப் ஊர்ந்தால் சென்சார்ஸ் (sensors) கட்டளையில் வெப்பத்தைப் பாருங்கள். 90 டிகிரியைத் தாண்டி 100-ஐ நெருங்கினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அரிசி ஆலைப் பக்கம் இருக்கும் வீடுகளில் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கில் உமித் தூசி கம்பளம் போலப் படிந்திருக்கும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதித் தள்ளி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் போதும், வேறு செலவு தேவைப்படாது.

செலவே இல்லாத வழி டெஸ்க்டாப்பை, அதாவது திரைத் தோற்றத்தைத் தரும் மென்பொருளை, மாற்றுவது. க்னோமிலிருந்து எக்ஸ்எஃப்சிஇ-க்கோ எல்எக்ஸ்க்யூடி-க்கோ போனால் சில நூறு எம்பி ரேம் மிச்சமாகும். செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் பிரவுசரில் பத்து டேப் திறந்ததும் அந்த மிச்சம் காணாமல் போய்விடும். உபுண்டு 22.04-இல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் வடிவில் (தேவையான எல்லாவற்றையும் உள்ளடக்கிய சுருக்கிய பொதி) வருவதால், ஹார்ட் டிஸ்க்கில் முதல்முறை திறக்க அநியாயத்துக்கு நேரம் எடுக்கும். லினக்ஸ் மின்ட்டில் அந்தத் தொல்லை இல்லை.

இனி ரேம். 2 ஜிபி லேப்டாப்புக்கு இதைத் தவிர்க்க முடியாது, எஸ்எஸ்டி போட்டாலும் இன்றைய இணையப் பக்கங்கள் அதில் மூச்சுத் திணறும். 4 ஜிபி இருந்தால் முதலில் ஜீரேம் போட்டுப் பாருங்கள். ரேமில் பாதி அளவுக்கு வைத்தால், ரேமில் சும்மா கிடக்கும் தரவைச் சுருக்கி ரேமுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அதன் பிறகும் எஸ்ஐ, எஸ்ஓ எண்கள் வரும், பயப்பட வேண்டாம்; அவற்றில் பெரும்பகுதி டிஸ்க்கைத் தொடாமலே நடப்பவை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வோல்டேஜைக் கவனியுங்கள். டிடிஆர்3 வகை ரேம் என்பது 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட். இன்டெல் நான்காம் தலைமுறை லேப்டாப்புகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் ஏற்கும், மாற்றிச் செருகினால் திரையே வராது. பழைய ரேம் வாங்கினால், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு முழுச் சுற்றாவது பிழையில்லாமல் ஓடிய பிறகு நம்புங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் ரேமின் பொன்முலாம் பூசிய விளிம்பு மங்கிப்போகும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துச் செருகுவது நல்லது.

ஆனால் இந்தத் தேர்வை முடிவு செய்வது வேகம் அல்ல, பழைய ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலை. நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் டிஸ்க்கில், தேடும் இடம் ஊசியின் கீழ் வந்து சேரவே சராசரியாக 5.5 மில்லி நொடி ஆகும். ஊசி நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் துண்டுகளை நொடிக்கு நூறு கூட எடுக்க முடியாது. நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க்கின் கதை இது. டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதியான செக்டர் ஒன்று பழுதாகிவிட்டால் டிஸ்க் அதையே திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வழக்கமாக 30 நொடி பொறுத்திருந்து, இணைப்பை ரீசெட் செய்து மறுபடி கேட்கும். மவுஸ் நகர்கிறது, வேறு எதுவும் அசையவில்லை, பிறகு திடீரென எல்லாம் ஓடுகிறது என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இதற்கு 16 ஜிபி ரேம் போட்டாலும் குணமாகாது.

பார்ப்பது சுலபம். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் (smartmontools) நிறுவி ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) அறிக்கையை எடுங்கள். மேலே "பாஸ்டு" என்று இருப்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், சாகக் கிடக்கும் டிஸ்க்கும் அப்படிச் சொல்லும். 5 (மாற்றப்பட்ட செக்டர்), 197 (படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்), 198 (சரிசெய்ய முடியாத செக்டர்) ஆகிய மூன்று வரிகளின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். 197-இல் பூஜ்யம் தவிர எது இருந்தாலும் அன்றே பேக்கப். 5-இல் இருக்கும் எண் வாராவாரம் கூடினால் அந்த டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. 199 (தரவு கடத்துவதில் பிழை) மட்டும் கூடினால் டிஸ்க்கைக் குறை சொல்லாமல் கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

டெல்டாவில் இதற்கு இன்னொரு கனம் உண்டு. பேட்டரி செத்துப்போய் அடாப்டரில் மட்டும் ஓடும் லேப்டாப்புகள் இங்கே ஏராளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போகும்போதெல்லாம் சுழன்றுகொண்டிருக்கும் டிஸ்க் அப்படியே நிற்கிறது. 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பின் ஜெனரேட்டரில் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லை. அதற்காகத் திடீரென அணைவது எஸ்எஸ்டிக்கும் நல்லதல்ல, எழுதிக்கொண்டிருந்த ஃபைல் போகலாம். பெயர் தெரியாத மலிவு எஸ்எஸ்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன், 3 ஆண்டு வாரண்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று: 2.5 அங்குல சாட்டா (லேப்டாப் டிஸ்க்கை இணைக்கும் முறை) எஸ்எஸ்டியை, லேப்டாப் போன பிறகும் யுஎஸ்பி உறையில் போட்டுப் பயன்படுத்தலாம். டிடிஆர்3 ரேம் டிடிஆர்4 ஸ்லாட்டில் நுழையவே நுழையாது.

மாற்றும்போது பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துக் குளோன் செய்வதைவிடப் புதிதாக நிறுவுவதே மேல். 500 ஜிபி டிஸ்க்கை 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு அப்படியே குளோன் செய்ய குளோன்சில்லா என்ற மென்பொருள் மறுக்கும், முதலில் பார்ட்டிஷனைச் சுருக்கியாக வேண்டும். பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) சாட்டா முறை ஏஹெச்சிஐ-இல் இருக்கட்டும். பழைய லேப்டாப்பில் சாட்டா 2 மட்டும் இருந்தாலும் தயங்காதீர்கள். நொடிக்கு 300 எம்பிக்குள் அடங்கினாலும், சிதறிய துண்டுகளை எடுக்கும் வேகம்தான் இங்கே பலன். நிறுவிய பிறகு அழித்த ஃபைல்களின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் எஃப்எஸ்ட்ரிம் (fstrim) டைமர் இயங்குகிறதா என்று பாருங்கள், வாரம் ஒருமுறை ஓடினால் போதும். பிறகு பழைய டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்டி ஹோம் ஃபோல்டரை, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) மூலம் கொண்டு வாருங்கள். 197-இல் எண் இருந்த டிஸ்க் என்றால் ஆர்சிங்க் வேண்டாம், அது பழுதான இடத்தில் மாட்டிக்கொள்ளும். பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ (ddrescue) நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் பழுதான இடத்துக்குக் கடைசியில் திரும்பி வரும்.