ஆறு வருடமாக ஓவர்கிளாக்கில் ஓடும் 960எம்: செந்தூல் வெக்கையில் ஒரு பயன்பாட்டு அனுபவம்

2019 செப்டம்பரில், கோலாலம்பூரில் புகைமூட்டத்தால் பள்ளிகளை மூடியிருந்த சமயம், என் லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப்பை முதன்முதலாக ஓவர்கிளாக் செய்தேன், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓடவிட்டேன். அந்தச் சிப் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இடையில் பேட்டரி ஒருமுறை உப்பியது, அடாப்டர் ஒன்று போனது, சிப்பின் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. சிப்புக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. புதிது வாங்கக் காசு சேரும்வரை பழையதை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

லேப்டாப் 2016ல் கோலாலம்பூரின் கணினிக் கடைத்தொகுதியான லோயாட் பிளாசாவில் வாங்கியது. சிபியூ (மையச் செயலி) இன்டெல் ஐ7-6700எச்கியூ, கிராபிக்ஸ் சிப் என்விடியா ஜிடிஎக்ஸ் 960எம், 4 ஜிபி ஜிடிடிஆர்5 மெமரி. 960எம் 2015ல் வந்த மேக்ஸ்வெல் வகைச் சிப். 640 கோர், அடிப்படை வேகம் 1096 மெகாஹெர்ட்ஸ், பூஸ்ட் 1176. பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங், இரவில் ஜிடிஏ 5 விளையாட்டு. மூன்று வருடம் தாண்டியதும் இரண்டுமே திக்க ஆரம்பித்தன.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து அந்த எண்களை அப்படியே போட்டுவிடாதீர்கள். அவர்கள் சோதித்த அறை 20, 22 டிகிரியில் இருக்கும். ஏர்கோன் இல்லாத என் மூன்றாம் மாடி அறையில் இரவு ஒன்பது மணிக்கும் 31 டிகிரி. லேப்டாப் விசிறி உள்ளே இழுப்பது இந்தக் காற்றைத்தான். அறை பத்து டிகிரி கூடினால் சிப்பும் ஏறக்குறைய பத்து டிகிரி கூடும். கை வைப்பதற்கு முன்பே, கம்பெனி வேகத்திலேயே, என் 960எம் 86 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த நிலையில் வேகத்தை ஏற்றியிருந்தால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். சூடும் சத்தமும்தான் மிச்சம்.

அதனால் எண்ணைத் தொடாமல் அடிமூடியைக் கழற்றினேன். விசிறிக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். பிரஷ்ஷால் தட்டினால் உதிரவில்லை. ட்வீசரால் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். கம்பளித் துண்டு மாதிரி ஒரே பட்டையாக உரிந்து வந்தது. முகர்ந்தால் சாம்பிராணி வாசம். என் மேசை சாமி அறையை ஒட்டி இருக்கிறது, சமையலறை நாலு எட்டுத் தூரம். வெள்ளிக்கிழமைப் புகை, தாளிக்கும் எண்ணெய், இந்த ஊர் ஈரக்காற்று மூன்றும் சேர்ந்து தூசியைப் பசையாக்கிவிடுகின்றன. காற்றடிக்கும் டப்பாவால் வெளியிலிருந்து ஊதினால் இது அசையவே அசையாது. திறந்துதான் எடுக்கவேண்டும். ஊதுவதென்றால் விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும்.

தெர்மல் பேஸ்ட் மாற்றும்போது மேல்மாடியில் இருக்கும் அண்ணன் கூட இருந்தார். லேப்டாப் பழுது பார்ப்பதுதான் அவருக்குத் தொழில். "தம்பி, ஸ்க்ரூ பக்கத்துல 1, 2, 3, 4ன்னு நம்பர் அடிச்சிருக்கான் பாரு. அந்த வரிசையில கொஞ்சம் கொஞ்சமா முறுக்கு. ஒண்ண மட்டும் இறுக்கிட்டா சிப்பு மூலை உடைஞ்சிடும்" என்றார். மேசைக் கணினி சிபியூவில் இருப்பது போன்ற உலோக மூடி லேப்டாப் சிப்பில் கிடையாது, சிலிக்கான் அப்படியே வெளியே தெரியும். பழைய பேஸ்ட் காய்ந்து, நடுவில் இருந்ததெல்லாம் ஓரத்துக்குப் பிதுங்கியிருந்தது. துடைத்து, எம்எக்ஸ்-4 என்ற புதுப் பேஸ்ட் போட்டு மூடினேன். 86 டிகிரி 75 ஆனது.

அடுத்தது சிபியூ. என் லேப்டாப்பில் சிபியூவுக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் செம்புக் குழாய்கள் பொது. ஒன்றின் சூடு மற்றதையும் சுடும். அதனால் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளில் சிபியூவின் மின்னழுத்தத்தை 100 மில்லிவோல்ட் குறைத்தேன். மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால் சிறிய குறைப்புக்கே நல்ல பலன் உண்டு. சிபியூ 9 டிகிரி இறங்கியது. நான் தொடாத கிராபிக்ஸ் சிப்பும் கூடவே 4 டிகிரி இறங்கி 71க்கு வந்தது. ஏற்றுவதற்கான இடம் இப்போதுதான் கிடைத்தது.

ஏற்றும் வேலைக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள். இது எந்தக் கம்பெனி லேப்டாப்பிலும் வேலை செய்யும். கோர் வேகத்தை 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் யூனிஜின் ஹெவன் என்ற கிராபிக்ஸ் சோதனை மென்பொருளை இருபது நிமிடம் ஓடவிட்டேன். கோர் முடிந்த பிறகுதான் மெமரி. இரண்டையும் சேர்த்து ஏற்றினால் கோளாறு எதனால் வந்தது என்று தெரியாது. ஃபர்மார்க் போன்ற சோதனைகளை லேப்டாப்பில் ஓட்டவே வேண்டாம். எந்த விளையாட்டும் கேட்காத அளவுக்கு மின்சாரத்தை இழுத்து அடாப்டரையும் போர்டையும் வாட்டும். "விண்டோஸ் தொடங்கும்போதே அமல்படுத்து" என்ற கட்டத்தையும் முதல் ஒரு மாதத்துக்கு டிக் செய்யாதீர்கள். தப்பான எண்ணாக இருந்தால் ரீஸ்டார்ட் செய்தாலே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடலாம்.

கோர் +135ல் நின்றுவிட்டது. 900எம் வரிசைச் சிப்களில் பெரும்பாலும் விபயாஸே (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் உள்மென்பொருள்) போட்டிருக்கும் எல்லை அது. 2015 பிப்ரவரியில் என்விடியா ஒரு டிரைவரில் இந்த வரிசைக்கு ஓவர்கிளாக்கையே பூட்டி, வாங்கியவர்கள் கொதித்தெழுந்ததும் அடுத்த மாதமே திறந்துவிட்டது. விபயாஸை மாற்றி எழுதினால் 135ஐத் தாண்டலாம், மின்னழுத்தத்தையும் கூட்டலாம். நான் அந்தப் பக்கம் போகவில்லை, உங்களையும் போகச் சொல்லமாட்டேன். மின்னழுத்தத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் 11 சதவீதம் ஏற்றினால் மின்செலவும் ஏறக்குறைய அந்த அளவில்தான் கூடும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் வர்க்கக் கணக்கில் எகிறும். லேப்டாப்பில் இந்தச் சிப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. போனால் போர்டோடு போகும்.

மெமரி ஆஃப்டர்பர்னரில் 2505 என்று காட்டும். +250ல் 2755, அதாவது நொடிக்கு 80 ஜிபியாக இருந்த பேண்ட்விட்த் (மெமரி தரவை அனுப்பும் அளவு) 88 ஆகிறது. +350 வைத்தபோது திரையில் ஒரு புள்ளிகூடத் தப்பாகத் தெரியவில்லை, ஆனால் ஹெவன் எண் குறைந்தது. ஜிடிடிஆர்5ல் பிழையைக் கண்டுபிடித்துத் தரவை மறுபடி அனுப்பும் வசதி உண்டு. அந்த மறு அனுப்பலில் வேகம் வீணாகியிருக்கவேண்டும். திரை சுத்தமாக இருக்கிறது என்று நம்பிவிடாமல் எண்ணையும் பாருங்கள். +400ல் பச்சைப் புள்ளிகள் வந்தன. +250க்கு இறங்கி அங்கேயே நின்றேன்.

பலன் என்ன? ஜிடிஏ 5ல் சராசரி 44 பிரேம் 49 ஆனது. எண் சிறியதுதான், ஆனால் அதுவரை உறுத்திக்கொண்டிருந்த திக்கல் அதோடு நின்றது. எடிட்டிங்கில் கலர் போட்ட காட்சிகள் நிற்காமல் ஓடின. எக்ஸ்போர்ட் மட்டும் 47 நிமிடத்திலிருந்து 44க்குத்தான் வந்தது. அதில் பெரும்பங்கு வேலை சிபியூவுடையது. எக்ஸ்போர்ட்டுக்காக மட்டும் ஓவர்கிளாக் செய்ய நினைப்பவர்கள் அந்த நேரத்தை ரேமும் எஸ்எஸ்டியும் சேர்ப்பதில் செலவிடலாம்.

டிசம்பரில் ஒரு நாள் மதியம், அறை 34 டிகிரி. எக்ஸ்போர்ட் நடுவே திரை இரண்டு நொடி கறுத்து, திரும்ப வந்தது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101, டிஸ்பிளே டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டது என்ற பதிவு. மூன்று மாதம் ஒழுங்காக ஓடிய அதே எண்கள். நான் சோதித்ததெல்லாம் இரவில். சூடு ஏற ஏறச் சிப் தாங்கும் வேகம் குறையும் என்பதை யோசிக்கவில்லை. கோரை +120க்கு இறக்கி, மதியம் இரண்டு மணிக்கு மறுபடி முழுச் சோதனையும் ஓட்டினேன். அதன் பிறகு 4101 வரவே இல்லை. நம் ஊரில் இருப்பவர்கள் சோதனையை நடுப்பகலில், ஏர்கோனை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

2020ல், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், லேப்டாப்பின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு ஒரு அப்டேட் போட்டேன். சிபியூ மின்னழுத்தத்தைக் குறைக்கும் வசதி மறைந்துவிட்டது. 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டைக்காக இப்படி அடைத்திருக்கிறார்கள். இறங்கிய 4 டிகிரி திரும்பி வந்தது. விண்டோஸ் பவர் அமைப்பில் சிபியூவின் உச்ச அளவை 99 சதவீதமாக வைத்து, தேவைப்படும்போது வேகத்தைத் தானாக ஏற்றும் டர்போவை நிறுத்தினேன். 2.6 கிகாஹெர்ட்ஸில் ஜிடிஏவுக்குக் குறை தெரியவில்லை, சூடும் அடங்கியது. எடிட்டிங் நேரத்தில் மட்டும் 100க்கு மாற்றிக்கொள்வேன்.

அடுத்த வருடம் இரண்டாம் தடவை பேஸ்ட் மாற்றியபோது மெமரி மேல் இருந்த தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை) கிழிந்துவிட்டது. கையில் இருந்த தடித்த பேடை வெட்டி வைத்தேன். மூடி ஓடவிட்டால் சிப் 90ஐத் தாண்டியது! பேட் அரை மில்லிமீட்டர் கூடுதல் தடிமன். அது ஹீட்சிங்கைத் தூக்கிப் பிடித்ததில் சிப்பின் ஒரு மூலையில் பேஸ்ட் ஒட்டவே இல்லை. பழைய பேடின் தடிமனை அளக்காமல் புதிது வாங்காதீர்கள்.

அந்த வருடக் கடைசியில் டச்பேடை அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. பக்கவாட்டில் பார்த்தேன், கைவைக்கும் பலகைக்கும் அடிமூடிக்கும் நடுவில் ஒரு நகம் நுழையும் இடைவெளி. பேட்டரி உப்பியிருந்தது. எந்நேரமும் 100 சதவீதச் சார்ஜ், கூடவே சூடு. லித்தியம் பேட்டரிக்கு இரண்டுமே ஆகாது. அன்றே அணைத்து, கழற்றி, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்தேன். புதிய பேட்டரிக்குச் சார்ஜ் எல்லையை 60ல் வைத்திருக்கிறேன். இதை முதல் நாளே செய்திருக்கவேண்டும்.

அடாப்டர் 2022ல் போனது. சுவர் பிளக்கில் மீட்டர் வைத்து அளந்திருந்ததால் கணக்கு எனக்குத் தெரியும்: விளையாடும்போது ஓவர்கிளாக்குக்கு முன் 118 வாட், பின் 126. அடாப்டரில் வீணாவது போக 120 வாட் அடாப்டருக்கு அது சரியாக இருந்தது. மாற்றாக ஒரு கடையில் கொடுத்தது அதே பின், அதே 19.5 வோல்ட், ஆனால் 90 வாட். சார்ஜர் மாட்டியிருக்கும்போதே பேட்டரி சதவீதம் இறங்கியது, அடாப்டரைக் கையில் பிடிக்க முடியவில்லை. லேபிளில் ஆம்பியரைப் பார்த்தேன், 4.62. என்னுடையதில் 6.15 இருக்கவேண்டும். மறுநாளே திருப்பிக் கொடுத்து, சரியானதை வாங்கினேன்.

இப்போது லேப்டாப் அக்கா மகனிடம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. மேக்ஸ்வெல் சிப்களுக்கு என்விடியாவின் 580 வரிசைதான் கடைசி டிரைவர், அதன் பிறகு 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். "மாமா, இன்னும் கொஞ்சம் ஏத்தலாமா?" என்று கேட்டான். மாறாக கோரை +100க்கும் மெமரியை +200க்கும் இறக்கிக் கொடுத்திருக்கிறேன். விசிறி பழசாகிவிட்டது, அவன் மணிக்கணக்கில் விளையாடுகிறவன். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தேன்: அறை 33 டிகிரி, சிப் 77.