திருவனந்தபுரத்துக்குக் கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கப் போகிறவர்கள், கார்டில் காசு போடும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒரு பிளாஸ்டிக் கார்டு கிடக்கிறது. பச்சை நிறம், ஓரத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா படம். அதில் என் காசு 320 ரூபாய் இருக்கிறது. எடுக்க வழியில்லை.

எங்களுக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். திருவனந்தபுரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் காரை எடுத்தால் களியக்காவிளை தாண்டி பாலராமபுரம் முக்குக்கு வருவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். ஜெர்மனியில் இருக்கும் அத்தான் போன வருஷம் டிரெஸ்டன் ஊர் சந்தையிலிருந்து வீடியோ அனுப்பியிருந்தார். 1434-இல் தொடங்கின சந்தையாம். அதைப் பார்த்ததிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரே நச்சரிப்பு. அப்படியிருக்க, நகரத்துக்குள் ஒரு மைதானத்தில் 'ஐரோப்பிய பாணி கிறிஸ்துமஸ் மார்க்கெட்' என்று ஒரு விளம்பரம் போனில் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் அம்மை, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என்று கிளம்பிவிட்டோம். நடத்தினவர்கள் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. பெயர் மாறினாலும் முறை இதேதான் என்று பிறகு இரண்டு பேர் சொன்னார்கள்.

வாசலில் பெரியவர்களுக்கு 100, பிள்ளைகளுக்கு 50. ஆக 400. வண்டி நிறுத்த 60, ரசீது கிடையாது. சரி, விசேஷ நாள், போகட்டும் என்று உள்ளே போனோம்.

உள்ளே எந்தக் கடையிலும் ரொக்கம் வாங்க மாட்டார்கள், ஜிபேயும் கிடையாது. முதலில் ஒரு கவுண்டரில் கார்டு வாங்கி அதில் காசு ஏற்ற வேண்டும். 1000 கொடுத்தேன். கார்டுக்கே 50 பிடித்துக்கொண்டு 950 ஏற்றினார்கள். அப்பமும் ஸ்டூவும் ஒரு பிளேட் 180 வீதம் இரண்டு பிளேட். ஸ்டூவில் உருளைக்கிழங்கு நீந்திக்கொண்டிருந்தது. பிறகு 'ஹோம்மேட் வைன்', ஒரு குட்டிக் கிளாஸ் 120. இரண்டு வாங்கினோம். அம்மை ஒரு வாய் குடித்துவிட்டு, "மக்கா, இது இருமல் மருந்துல்லா" என்றாள். திராட்சை ஸ்குவாஷில் கிராம்பைப் போட்டு சூடாக்கியிருந்தார்கள். ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான். உண்மையிலேயே சாடியில் ஊறவைத்த வைன் என்றால், லைசென்ஸ் இல்லாமல் விற்பது கேரளத்தில் அப்காரி, அதாவது மதுபானச் சட்டப்படி குற்றம்.

'ஸ்னோ' பார்க்க ஆளுக்கு 150, பிள்ளைகள் இரண்டு பேரை மட்டும் அனுப்பினோம். உள்ளே இருந்தது சோப்பு நுரை அடிக்கிற மெஷின். சின்னவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டே நிமிஷத்தில் வெளியே ஓடி வந்தான்.

இப்போது கார்டில் மிச்சம் 50. பஞ்சுமிட்டாய் 80. முப்பது ரூபாய் ஏற்றித் தரச் சொன்னால், 500-க்குக் குறைந்து ஏற்ற முடியாதாம். ஏற்றினேன், மிச்சம் 470. அப்புறம் ஒரு கிலோ பிளம் கேக், 650. திரும்பவும் கவுண்டர், திரும்பவும் 500. கேக் வாங்கின பிறகு கார்டில் நின்றது 320.

கடை விலைகள் எல்லாம் எந்தச் சுற்றிலும் காசு மிஞ்சும்படியே வைத்திருக்கிறார்கள். தற்செயலாக இருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. வெளியே வரும்போது மிச்சத்தைக் கேட்டேன். கவுண்டரில் இருந்த பையன் முகத்தைக்கூட நிமிர்த்தாமல், "சேட்டா, பாலன்ஸ் திரிச்சு தரான் பற்றில்ல. முப்பத்தொண்ணு வரை யூஸ் செய்யாம்" என்றான். மிச்சம் திருப்பித் தர முடியாது, முப்பத்தொன்றாம் தேதி வரை செலவு செய்யலாம் என்று அர்த்தம். கார்டின் பின்பக்கத்தைக் காட்டினான். கடுகு அளவு எழுத்தில் அச்சடித்திருந்தது. காசு வாங்கும்போது யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. 320 ரூபாய்க்காக இன்னொரு தரம் 400 ரூபாய் டிக்கெட் எடுத்து உள்ளே போக வேண்டும்.

அத்தானிடம் சொன்னபோது சிரித்தார். அங்கே திடலுக்குள் போக டிக்கெட்டே இல்லையாம். சூடான வைன் வாங்கினால் கப்புக்குத் தனியாக முன்பணம் வாங்குவார்களாம், கப்பைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு அப்படியே கைக்கு வந்துவிடுமாம். இங்கே முன்பணத்தை மட்டும் காப்பியடித்திருக்கிறார்கள்.

இனி எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம். ஒரு கடையில் 'மார்த்தாண்டம் தேன்' அரைக் கிலோ 600 என்று போர்டு. எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து தேன்பெட்டி இருக்கிறது. சும்மா கேட்டேன், எப்போது எடுத்தது என்று. "போன வாரம், ஃப்ரெஷ்" என்றார். டிசம்பரில் எங்கள் பக்கம் தேன் எடுப்பதே கிடையாது. ரப்பர் இலை உதிர்ந்து, துளிர் விட்டு, அந்தத் துளிர்க் காம்பில் இனிப்பு நீர் ஊறும்போதுதான் தேனீ தேன் சேர்க்கும். அது பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும். டிசம்பரில் தேனீக்கே நாங்கள் சீனிப்பாகு வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருப்போம். போன வாரம் எடுத்தது என்றால் அந்தச் சீனிப்பாகாகத்தான் இருக்கும். மார்த்தாண்டத்துக்காரன் என்று சொல்ல வாய் வரை வந்தது. மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கேக்கை வீட்டுக்கு வந்து தேன் நிறுக்கிற தராசில் வைத்தேன். பெட்டி, அடியில் வைத்த தங்கநிற அட்டை எல்லாம் சேர்த்து 845 கிராம். கேக் மட்டும் 760. ஸ்டிக்கரில் '1 கிலோ'. எடை என்று அச்சடித்தால் உறையை நீக்கின எடைதான் கணக்கு, அதுதான் சட்டம். ஸ்டிக்கரில் எம்.ஆர்.பி. இல்லை, தயாரித்த தேதி இல்லை, உணவு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இல்லை. இவ்வளவையும் கடையில் நின்றே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, பிள்ளைகள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

போகவே கூடாதா என்று மைத்துனி கேட்டாள். வெளிச்சம் பார்க்க ஆசையென்றால் குழித்துறையிலிருந்து ரயிலேறிப் போய் பாளையம் சர்ச், வெட்டுகாடு சர்ச் இரண்டையும் பார்த்துவிட்டு வா, காசு கேட்க மாட்டார்கள், குடிலும் நன்றாக இருக்கும் என்றேன். டிக்கெட் போட்ட சந்தைக்கு நான் இனி போக மாட்டேன். கண்டிப்பாகப் போய்த்தான் ஆக வேண்டுமென்றால் காசு ஏற்றும் முன்னால் மிச்சம் திரும்ப வருமா என்று கேட்டு, வரும் என்றால் அதை எழுதி வாங்குங்கள். ஒரே தரமாகப் பெரிய தொகை ஏற்றாதீர்கள். கார்டின் பின்பக்கத்தையும் விலைப் பலகையையும் போனில் படம் எடுத்து வையுங்கள், நான் எடுக்காமல் விட்டது அந்தப் பலகையைத்தான்.

இன்னொன்று, எல்லை தாண்டி ஏமாந்தால் வழக்குக்காகத் திருவனந்தபுரத்துக்கு நடையாய் நடக்க வேண்டுமென்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், எங்களுக்கு அது நாகர்கோவில். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. அதற்கு முன்னால் 1915-க்குப் போன் பண்ணலாம், தமிழிலேயே பேசுகிறார்கள். நான் கார்டுக்கும் கேக்குக்கும் சேர்த்துச் சொல்லிப் புகார் எண் வாங்கியிருக்கிறேன். இதுவரை நடத்தினவர்களிடமிருந்து பதில் இல்லை. கேக்கைப் பிள்ளைகள் தின்று தீர்த்துவிட்டார்கள், ஸ்டிக்கரையும் பெட்டியையும் மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.