ஒரு சொடுக்கா, ஒரு கட்டளையா? வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் நிறுவல் முறைகள்

வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் மூன்றும் இணையதளம் அமைத்து நிர்வகிக்க உதவும் கட்டற்ற மென்பொருள், மூன்றும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஓடுபவை. ஆனால் தளத்தில் கூடுதல் வசதி ஒன்றைச் சேர்க்கப் போனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். வேர்ட்பிரஸில் அது பிளகின், ஜூம்லாவில் எக்ஸ்டென்ஷன், ட்ரூபலில் மாட்யூல். பெயர் எதுவானால் என்ன, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: புதிய கோப்புகளைச் சர்வரில், அதாவது தளம் குடியிருக்கும் கணினியில், எழுதுவது யார்?

வேர்ட்பிரஸில் தளமே எழுதிக்கொள்கிறது. 2008 டிசம்பரில் வந்த 2.7 பதிப்பிலிருந்து டாஷ்போர்டு எனும் நிர்வாகப் பக்கத்திலேயே தேடி, ‘நிறுவு’, ‘இயக்கு’ என்று இரண்டு சொடுக்கில் வேலை முடியும். முடியாத இடங்களில் நடப்பது இது. நிறுவும் முன் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கிப் பார்க்கும். அதன் உரிமையாளரும் வேர்ட்பிரஸ் கோப்புகளின் உரிமையாளரும் ஒருவரேயானால் நேராக எழுதும். வேறாக இருந்தால் எஃப்டிபி (சர்வருக்குக் கோப்புகளை அனுப்பும் முறை) கடவுச்சொல் கேட்டு நிற்கும். இங்கேதான் பலர் போல்டருக்கு 777, அதாவது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். கதவைத் திறக்க வராததால் சுவரை இடிப்பது போன்ற காரியம் இது. கோப்புகளின் உரிமையாளரைச் சரிசெய்துவிட்டு, உரிமையாளர் மட்டும் எழுதும்படி போல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644 வைத்தால் போதும்.

காசு கொடுத்து வாங்கிய பிளகினை ஜிப்பாக ஏற்றும்போது வேறு தொல்லை. பிஎச்பி தானாக அனுமதிப்பது ஒரு கோப்புக்கு 2 எம்பி, கோப்போடு சேர்த்து அனுப்பும் மொத்தப் படிவத்துக்கு 8 எம்பி. சர்வர் இடத்தை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங்குகள் பல இதைக் கூட்டியே வைத்திருக்கும். கூட்டாத இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். முதல் வரம்பைத் தாண்டினால் கோப்பு பெரிது என்று தெளிவாகவே சொல்லும். இரண்டாவதைத் தாண்டினால் ‘நீங்கள் பின்தொடர்ந்த இணைப்பு காலாவதியாகிவிட்டது’ என்று சம்பந்தமில்லாமல் ஒரு செய்தி வரும். படிவம் முழுவதையும் பிஎச்பி தூக்கிப் போட்டுவிடுவதால் அதோடு போன பாதுகாப்புக் குறியீடும் காணாமல் போகிறது. அதைத் தேடிக் கிடைக்காத வேர்ட்பிரஸ் இணைப்பைக் குறை சொல்கிறது. இரண்டு வரம்பையும் சேர்த்தே உயர்த்துங்கள், படிவ வரம்பு சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். ‘சரியான பிளகின் எதுவும் இல்லை’ என்று வந்தால் ஜிப்பைத் திறந்து பாருங்கள். கையேடும் உரிமக் கோப்பும் இருக்கும் பொட்டலத்துக்குள் நிஜமான ஜிப் தனியாக இருக்கும்.

ஜூம்லாவிலும் இதே கூத்து உண்டு. அங்கே சிலர் கோப்பின் பெயரிலேயே ‘முதலில் பிரிக்கவும்’ என்று எழுதி வைக்கிறார்கள். படிக்காமல் ஏற்றினால் நிறுவல் விவரக் கோப்பைக் காணோம் என்று சொல்லும். மற்றபடி ஜூம்லா நிறுவி நல்ல நிறுவி. ஜிப், இணைய முகவரி, சர்வர் போல்டர், இணையப் பட்டியல் என்று நான்கு வழி தருகிறது. எஃப்டிபியில் கோப்புகளை வைத்துவிட்டு ‘கண்டுபிடி’ பக்கத்தில் தேடச் சொல்லவும் முடியும். வழக்கமான தோல்வி ஒன்று: தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றியபின் எதுவுமே நிறுவப்படாது. அமைப்புக் கோப்பில் தற்காலிகப் போல்டரின் பாதை இன்னும் பழைய சர்வரைக் காட்டிக்கொண்டிருப்பதே காரணம். அந்த ஒரு வரியைத் திருத்தினால் சரியாகிவிடும். இன்னொன்று, ஜூம்லா எக்ஸ்டென்ஷன்களில் பிளகின் என்பதும் ஒரு வகை. நிறுவியது அந்த வகையென்றால் அணைந்த நிலையில்தான் இருக்கும். போய் இயக்கிவிட வேண்டும்.

ட்ரூபல் இந்த இரண்டுக்கும் நேர்மாறு. ட்ரூபல் 7 வரை ஜிப் ஏற்றுவதே போதுமானதாக இருந்தது. 8க்குப் பிறகு, பிஎச்பி பொட்டலங்களைக் கட்டளை கொடுத்துத் தருவிக்கும் கம்போசர் என்ற கருவிதான் முறையான வழி. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைக் கண்டாலே ஒதுங்குபவர்களுக்கு இது மலைப்பாக இருக்கும், ஆனால் பலன் உண்டு. பக்க முகவரிகளைத் தானாக அமைக்கும் பாத்ஆட்டோ மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு டோக்கன், சிடூல்ஸ் என்ற வேறு இரண்டு மாட்யூல்களும் வேண்டும். கம்போசரிடம் பாத்ஆட்டோவை மட்டும் கேட்டால் பொருந்தும் பதிப்புகளில் மூன்றும் வந்துவிடும். பொருந்தாவிட்டால் எதையும் தொடாமல் நின்றுவிடும். வேர்ட்பிரஸில் ‘இந்தப் பிளகினுக்கு அந்தப் பிளகின் தேவை’ என்று அறிவிக்கும் வசதியே 2024 ஏப்ரலில் 6.5 பதிப்பில்தான் வந்தது. அதிலும் பெயரைத்தான் சொல்லலாம், எந்தப் பதிப்பு என்று சொல்ல வழியில்லை.

கம்போசரில் விழும் பெரிய அடி, ஓடும் சர்வரிலேயே ‘அப்டேட்’ கட்டளை கொடுப்பது. எல்லாப் பொட்டலங்களும் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் புதிய பதிப்புக்கு நகர்ந்துவிடும். நினைவகமும் ஏகமாகத் தின்னும். சொந்தக் கணினியில் சேர்த்துச் சோதித்து, எந்தப் பொட்டலம் எந்தப் பதிப்பு என்று குறித்து வைக்கும் பூட்டுக் கோப்பைச் சர்வருக்கு அனுப்பி, அங்கே ‘இன்ஸ்டால்’ மட்டும் கொடுப்பதே சரி. முனையம் வேண்டாதவர்களுக்காக 2025 ஜனவரியில் வெளிவந்த ட்ரூபல் சிஎம்எஸ், உலாவியிலிருந்தே மாட்யூல் சேர்க்கும் பக்கத்தோடு வருகிறது. பின்னால் ஓடுவது கம்போசர்தான். தளத்தின் நிரல்களைத் தனி இடத்தில் பிரதியெடுத்து, அங்கே மாற்றிப் பார்த்து, பிறகு திரும்ப வைக்கிறது. ஆகவே வட்டில் கணிசமான காலியிடமும் எழுதும் அனுமதியும் தேவை. ஒரே சர்வரைப் பலர் பகிரும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங் பலவற்றில் இது திணறும்.

ஒருவரே பார்த்துக்கொள்ளும் சிறு தளத்துக்கு வேர்ட்பிரஸ் போதும். இரண்டு மூன்று பேர் நிரலில் கைவைக்கும் தளத்தில் அந்தச் சொடுக்கு வசதியே வினையாகும். யார், எப்போது, எந்தப் பதிப்பைப் போட்டார் என்ற தடம் பொதுவான இடத்தில் எங்கும் பதிவாகாது. அங்கே ட்ரூபல் முறையே மேல். வேர்ட்பிரஸை விட மனமில்லையென்றால் அதன் கட்டளைவரிக் கருவியில் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு நிறுவி, டாஷ்போர்டிலிருந்து கோப்புகளை மாற்றும் வசதியை அமைப்புக் கோப்பில் முடக்கிவிடலாம். ஜூம்லா நடுவில் நிற்கிறது. ஏற்கெனவே அதில் தளம் இருப்பவர் நிறுவல் சிக்கலுக்காக மட்டும் மாற வேண்டியதில்லை.

கழற்றும்போதும் வித்தியாசம் உண்டு. வேர்ட்பிரஸில் ஒரு பிளகின் தளத்தையே முடக்கிவிட்டால், எஃப்டிபியில் அதன் போல்டர் பெயரை மாற்றினாலே தளம் எழுந்துவிடும். ட்ரூபலில் அந்தப் பழக்கத்தைக் காட்டாதீர்கள். முதலில் நிர்வாகப் பக்கத்தில் மாட்யூலை நீக்கி, அதன்பிறகே கம்போசரிடம் கோப்புகளை எடுக்கச் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் தரவுத்தளம் மாட்யூல் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அப்போது கோப்புகளைத் திரும்பக் கொண்டுவந்து, முறைப்படி நீக்கி, மறுபடி எடுக்க வேண்டியதுதான்.