பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப்? மாநில அறிவியல் பாடநூல்கள் குறித்த ஒரு மதிப்பீடு

மருத்துவம் படிக்க விரும்பும் மாணவருக்கு நம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இயற்பியல், வேதியியல், உயிரியலோடு கணிதமும் சேர்ந்த பயோ-மேத்ஸ். மற்றொன்று, கணிதத்தை விட்டுவிட்டுத் தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனிப் பாடங்களாக வைக்கும் ப்யூர் சயின்ஸ். 2018-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் 2019-இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வெளிவந்த பாடநூல்களை, இந்தத் தேர்வுக்கு அவை எந்த அளவுக்குத் துணைசெய்கின்றன என்ற ஒரே நோக்கில் இங்கே மதிப்பிடுகிறேன்.

ப்யூர் சயின்ஸ் நூல்கள் பருமனானவை; நோய்த்தடைக்காப்பியல் போன்ற பகுதிகள் அவற்றில் விரிவாகவே எழுதப்பட்டுள்ளன. ஆயினும் நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் உயிரியலுக்கு 360 என்பது எந்தக் குரூப் மாணவருக்கும் ஒன்றுதான்; கூடுதலாகப் படித்த பக்கங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது. இயற்பியலுக்கு உரிய 180 மதிப்பெண்களில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலின் இரண்டாம் அலகான இயக்கவியலைத் திறந்து பார்த்தால் காரணம் விளங்கும். வெக்டர், வகையீடு (டிஃபரன்சியேஷன்), தொகையீடு (இன்டக்ரேஷன்) ஆகிய மூன்றையும் சில பக்கங்களில் அறிமுகப்படுத்திவிட்டு, அடுத்த அலகுகளில் அவற்றை மாணவர் அறிந்தவர் என்றே கொண்டு நூல் நகர்கிறது. பயோ-மேத்ஸ் மாணவருக்கும் அந்த வேகம் கடினம்தான். ஆனால் அவருக்குக் கணித நூலின் இரண்டாம் தொகுதியில் இதே பொருள் எண்ணற்ற பயிற்சிக் கணக்குகளோடு மறுபடியும் வருகிறது. ப்யூர் சயின்ஸ் மாணவருக்கு அந்தச் சில பக்கங்களே முதலும் முடிவும். ஆகவே என் பரிந்துரை பயோ-மேத்ஸ்தான். கணிதம் என்றாலே உண்மையாகவே அஞ்சுபவரும், செவிலியர் படிப்பையோ உயிர் அறிவியல் பட்டப்படிப்பையோ நாடுபவரும் மற்றதைத் தாராளமாக எடுக்கலாம்.

நூல்களில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் மனித உடலியங்கியலைச் சொல்லும் பாடங்கள். கழிவுநீக்கப் பாடத்தில் வடிகட்டுதல், மீள உறிஞ்சுதல், சுரத்தல் என்று சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டியான நெஃப்ரானின் வேலை படிப்படியாக விரிகிறது. படத்தைத் தானே ஒருமுறை வரைந்து பார்த்த மாணவர் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இதே நூலில் லாம்பிட்டோ மாரிட்டி என்னும் மண்புழுவின் உடலமைப்பும் நீளமாக உள்ளது. சுவையான பகுதிதான், ஆனால் அது நீட் பாடத்திட்டத்தில் இல்லை.

இந்தப் பொருந்தாமையே நூல்களின் பெரிய குறை. 2024-ஆம் ஆண்டுக்கான நீட் பாடத்திட்டத்தில் திடநிலைமை, புறப்பரப்பு வேதியியல், செரித்தலும் உட்கிரகித்தலும் முதலியவை நீக்கப்பட்டன. நம் நூல்களிலோ இவை முழுப் பாடங்களாக இருப்பதால், பள்ளித் தேர்வுகளுக்காக அவற்றைப் படித்தே ஆக வேண்டும். பாடத்திட்டத்தை அருகில் வைத்துக்கொண்டு, இரண்டு தேர்வுக்கும் உரியவை எவை, பள்ளித் தேர்வுக்கு மட்டும் உரியவை எவை என்று பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. நீட் உயிரியல் வினாக்களின் வாசகம் மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடநூலை ஒட்டியே அமைவதால், அதையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் வழியில் படிப்போர் நூலின் இறுதியில் உள்ள கலைச்சொல் பட்டியலைக் கடந்துபோகக் கூடாது. நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே இறுதியானது என்பது விதி.

பதினொன்றாம் வகுப்பு நூல்களை ஓரம் கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஓராண்டு முன்னதாகவே தொடங்கும் பள்ளிகள் சில உண்டு. உடலியங்கியல் முழுவதும் முதலாண்டு நூலில் இருப்பதால், சேர்க்கைக்கு முன்பே இதைப் பள்ளியில் விசாரித்துக்கொள்ளுங்கள். நூல்கள் அனைத்தும் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குரூப்பை முடிவு செய்யும் முன் இயக்கவியல் அலகையாவது பிள்ளையோடு அமர்ந்து படித்துப் பாருங்கள்.