முதல் ஸ்நோர்கெலிங்கிற்குப் புறாத்தீவா, பாசிக்குடாவா?

ஆடி, ஆவணி மாதங்களில் கனடாவிலிருந்து பிள்ளைகளோடு ஊருக்குப் போகிற குடும்பங்களின் பயணத் திட்டத்தில் திருகோணமலை இடம்பெற்றுவிட்டால், நிலாவெளிக் கரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அப்பால் இருக்கும் புறாத்தீவும் அதனோடு சேர்ந்துவிடுகிறது. அங்கே ஸ்நோர்கெலிங் செய்ய, அதாவது முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீரின் மேல் மிதந்தபடி கீழே இருப்பதைப் பார்க்க, எங்கள் பிள்ளைகளும் கேட்டார்கள். ஆனால் நீச்சல் தடாகத்தில் நன்றாக நீந்துகிற அவர்கள் கடல்நீருக்குள் முகம் வைத்துப் பழகாதவர்கள் என்பதால், முதலில் பாசிக்குடாவில் தங்கிப் பழகிய பிறகே நிலாவெளிக்குப் போவது என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். முதன்முறையாகக் குழாய் வழியே மூச்சுவிடப் போகிற ஒருவருக்கு எத்தனை வகை மீன் தெரியும் என்பது இரண்டாம் பட்சம். மூச்சுத் திணறி மனம் பதறும்போது காலை ஊன்றி எழுந்து நிற்க முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கரையைத் தெரிவு செய்வதற்கு முன் காற்றைப் பார்க்க வேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசுவதால் ஹிக்கடுவை, உணவட்டுன போன்ற தென்கரைகளில் கடல் கொந்தளித்திருக்கும், நிலாவெளியும் பாசிக்குடாவும் இருக்கும் கிழக்குக் கரையோ அமைதியாக இருக்கும். நத்தார் விடுமுறைக்கு வருபவர்களுக்கு இது தலைகீழாகிவிடும். வாடைக்காற்று தொடங்கிய பின் கிழக்கில் அலை எழும்பி நீரும் கலங்குவதால், அந்தக் காலத்தில் புறாத்தீவை மனதில் வைத்துக்கொண்டு வருவதில் பயனில்லை. கொழும்பில் உள்ள உறவினர்கள், கிட்ட இருக்கிறதே என்று ஆவணியில் ஹிக்கடுவைக்குப் போகச் சொன்னால் அன்போடு மறுத்துவிடலாம்.

பாசிக்குடா மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றர் தூரத்தில், பிறை போல வளைந்த ஒரு குடா. அடியில் மணல், கரையிலிருந்து வெகுதூரம் நடந்து போனாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாத இடங்கள் உண்டு. இலங்கைக் கரைகளில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், காலையில் நின்ற இடத்தில் மாலையில் ஆழம் பெரிதாக மாறியிருக்காது. பார்ப்பதற்கு இங்கே அதிகம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்: மணலும், சிறு மீன் கூட்டங்களும், ஆங்காங்கே கல்லும்தான். பழகுவதற்கு அதுவே வசதி. முகத்தை நீருக்குள் வைத்து, வாயால் மட்டும் ஆறுதலாக மூச்சை இழுத்து விட்டு, குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் ஊதி வெளியேற்றுவதைப் பிள்ளைகள் நின்ற நிலையிலேயே பழகினார்கள். இயந்திரப் படகுகளும் ஜெட்ஸ்கிகளும் ஓடும் பகுதியை விட்டு விலகி நிற்பது ஒன்றுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

வாடகை உபகரணங்களின் தரம்தான் இந்தப் பயணத்தில் என்னை மிகவும் சலிப்படையச் செய்தது. ஒரு கடையில் எடுத்துக் காட்டிய முகக்கண்ணாடிகளின் சிலிக்கோன் விளிம்பு வெயிலில் மஞ்சளாகிக் கட்டிபட்டிருந்தது. விரலால் மடித்துப் பார்த்தபோது மூக்குக்கு மேலே மயிரிழைபோல ஒரு வெடிப்பும் தெரிந்தது. “பட்டியை இழுத்துக் கட்டினால் தண்ணி வராது அண்ணா” என்றார் கடைக்காரத் தம்பி. உண்மையில் பட்டியை இறுக்கினால் விளிம்பு வளைந்து நீர் புகுவதற்கே வழி பிறக்கும். பட்டியைப் போடாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மெதுவாக மூச்சை இழுக்கும்போது, கையை எடுத்தாலும் அது விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அளவு சரி. மீசை வைத்தவர்களுக்கு எந்தக் கண்ணாடியிலும் சிறிதளவு கசியத்தான் செய்யும், எனக்கும் கசிந்தது. முகம் முழுவதையும் மூடும் வகை பார்ப்பதற்கு எளிதாகத் தெரிந்தாலும், வெளிவிடும் மூச்சுக்காற்று உள்ளேயே தேங்கக்கூடும் என்பதாலும் அவசரத்தில் விரைவாகக் கழற்றுவது கடினம் என்பதாலும் பிள்ளைகளுக்கு அதை நான் வாங்கவில்லை. இயலுமானால் கண்ணாடியையும் குழாயையும் வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். பெட்டியில் அவை பெரிய பாரம் அல்ல.

புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா என்பதால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு இல்லாமல் இறங்க முடியாது. வெளிநாட்டவர் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு அதிகம்; குழுவுக்கான சேவைக் கட்டணமும் வரியும் தனியாகச் சேரும்; படகுக் கூலி வேறு. இவற்றைத் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால் கரையில் வாக்குவாதம் வராது. தேசிய அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் அதை மறக்காமல் கொண்டு போக வேண்டும்.

தீவில் எங்களோடு நீரில் இறங்கிய படகோட்டியின் சேவையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. மிதவை வளையம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, மகளை அதைப் பிடிக்கச் செய்து, தான் முன்னால் மெதுவாக நீந்தி இழுத்துச் சென்றார். “மகள், இடப்பக்கம் கீழ பாருங்க, சுறா. ஒண்டும் செய்யாது” என்று அவர் சொன்ன இடத்தில், துடுப்பு நுனி கறுத்த சிறு சுறா ஒன்று முருகைக்கற்களின் (பவளப்பாறைகளின்) ஓரமாகத் திரும்பிப் போனது. பாசிக்குடாவில் மூச்சு பழகியிராவிட்டால் அந்த நேரத்தில் அவள் குழாயைத் துப்பியிருப்பாள் என்றே நினைக்கிறேன்.

இங்கே கரையோரமெங்கும் உடைந்த முருகைக்கல் துண்டுகள் காலைக் குத்தும். நீருக்குள்ளோ உயிருள்ள முருகைக்கல் மீது கால் வைக்கக் கூடாது. அப்படியிருந்தும் சோர்ந்துபோன பலர் அதன் மேல் ஏறி நின்று இளைப்பாறுவதைக் கண்டோம். நீந்தத் தெரியாதவர்களை உயிர்காப்பு அங்கியை மட்டும் மாட்டி இங்கே இறக்கிவிடுவது அவர்களுக்கும் நல்லதல்ல, முருகைக்கல்லுக்கும் நல்லதல்ல. காலையில் முதலில் புறப்படும் படகுகளில் போனால் கூட்டம் குறைவு, காற்றும் எழுந்திருக்காது. பத்து மணிக்குப் பிறகு வந்தவர்கள் நீரில் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டிருந்தார்கள்.