மஞ்சள் போர்டு வண்டிகள் மட்டும் நிற்கிற ஹோட்டலா? டெல்லியில் அந்தப் பக்கமே போகாதீர்கள்

அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு டெல்லி போகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்புங்கள். எங்களுக்கு அங்கே ஒரு வேளை மதியச் சாப்பாட்டுக்கு 4,574 ரூபாய் ஆனது. சாப்பிட்டது ஐந்து பேர். அதில் இரண்டு பேர் குழந்தைகள், ஒருவர் தயிர்சோறு மட்டும் கேட்ட என் மாமியார். இத்தனைக்கும் யாரும் எங்கள் சட்டையைப் பிடித்துக் காசு வாங்கவில்லை. நாங்களேதான் எண்ணிக் கொடுத்து, "தன்யவாத்" என்று வேறு சொல்லிவிட்டு வந்தோம். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நாங்கள் ஈரோட்டுக்காரர்கள். கரோல் பாகில் அறை எடுத்திருந்தோம். அங்கே இருந்தவரை சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை, நடக்கிற தூரத்தில் இட்லி, தோசை கிடைத்துவிடுகிறது. மூன்றாம் நாள் ஊர் சுற்ற, தங்கியிருந்த இடத்தின் வரவேற்பிலேயே சொல்லி ஒரு கார் பிடித்தோம். 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் பேக்கேஜ். டிரைவர் நடுவயதுக்காரர். அத்தை ஏறி இறங்கும்போதெல்லாம் கதவைத் திறந்து பிடித்தார், என் மகளைக் கூட்டத்தில் தூக்கிக்கொண்டு நடந்தார். அவரைச் சந்தேகிக்க எங்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

காலையில் தாமரைக் கோயில், அப்புறம் குதுப்மினார். இரண்டு இடத்திலும் நீண்ட வரிசை. இரும்புத் தூண் ஏன் துருப்பிடிக்கவில்லை என்று மகன் கேட்ட கேள்விக்கு நான் பதில் தேடி முடிப்பதற்குள் மணி இரண்டரை ஆகிவிட்டது. டிசம்பர் குளிர், எல்லோருக்கும் பசி, சின்னவள் அழ ஆரம்பித்துவிட்டாள். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, "சவுத் இண்டியன், பியூர் வெஜ், பத்து நிமிஷம்" என்றார். நாங்கள் கேட்க நினைத்ததை அவரே சொன்னதும், கும்பிடத் தோன்றியது என்றுதான் சொல்ல வேண்டும்.

போய் இறங்கிய இடம் பெரிதாக இருந்தது. வாசலில் பளபளவென்று கண்ணாடிக் கதவு, பக்கத்தில் விசாலமான பார்க்கிங். அங்கே பத்துப் பதினைந்து கார்கள், இரண்டு சுற்றுலா வேன்கள். எல்லாமே மஞ்சள் நம்பர் பிளேட். வெள்ளை போர்டு போட்ட சொந்த வண்டி ஒன்றுகூட இல்லை. அதைக் கண்ணால் பார்த்தேன், மனதில் ஏறவில்லை. இன்னொன்றும் பார்த்தேன். வாசலில் இருந்த காவலாளி ஒரு நீள நோட்டில் எங்கள் கார் நம்பரை எழுதிக்கொண்டார். பாதுகாப்புக்காக எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். டிரைவர் எங்களோடு வராமல் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனார். அவருக்கு அங்கே சாப்பாடு இலவசம். அந்த நோட்டில் ஏறிய நம்பருக்குத் தனியாகக் கமிஷனும் உண்டு. இது எனக்கு யூகமாகத் தெரிந்த விஷயமில்லை. திரும்பி வந்தபின் எங்கள் அறையைச் சுத்தம் செய்கிற பையனே சிரித்துக்கொண்டு சொன்னது.

உட்கார்ந்ததும் மெனு கேட்டோம். "மெனு எதற்கு மேடம், தாலி இருக்கிறது, அன்லிமிடெட்" என்றார் பரிமாறுபவர். தாலி என்றால் அங்கே தட்டுச் சாப்பாடு. என் கணவர் தலையாட்டினார். விலை கேட்கவில்லை. நம்மூரில் சாப்பாடு என்று சொல்லி உட்கார்ந்தால் விலை கேட்பதில்லையே, அந்தப் பழக்கம். தண்ணீர் பாட்டில் நான்கு கேட்காமலே வந்தது, மூடி திறந்தே வைத்தார்கள். மசாலா அப்பளம் மூன்று, ஒரு தட்டு வெள்ளரி, முள்ளங்கி, கேரட். பிறகு ஒருவர் கூடையில் நான் ரொட்டி கொண்டுவந்து, வைக்கட்டுமா என்பதுபோல் நின்றார். தாலியோடு சேர்ந்தது என்று நினைத்து வாங்கிக்கொண்டோம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாம்பாரில் வெல்லம் தூக்கலாக இருந்தது, பாசுமதி அரிசி ஆறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தது. அத்தைக்கு வந்த தயிர்சோற்றின் மேல் மாதுளையும் ஒரு சிவப்புச் செர்ரியும். அவர் அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, "ஏங்கண்ணு, இது தயிர்சோறா, இல்ல சாமிக்குப் படைக்கிறதா?" என்று கேட்டார். சிரித்தோம். அப்போது விலை தெரியாது.

பில் வருவதற்கு முன் பரிமாறியவர் ஒரு கியூஆர் கோடு அட்டையோடு வந்தார். ஐந்து நட்சத்திரம் போட்டு, அவர் பெயரைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதினால் குழந்தைகளுக்குக் குல்ஃபி இலவசம். என் மகனுக்குப் பதினொரு வயது, என் போன் பூட்டைத் திறக்கத் தெரியும். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் என் கணக்கிலிருந்து அந்த ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போயிருந்தது. குல்ஃபி இரண்டு வந்திருந்தது.

அப்புறம் பில். தாலி ஒன்று 590, நான்கு தாலிக்கு 2,360. தயிர்சோறு 340. தண்ணீர் பாட்டில் 90 வீதம் 360. அப்பளம் 330, பச்சைக் காய்த் தட்டு 180, அந்த நான் ரொட்டிக் கூடை 390. கூட்டினால் 3,960. அதற்குக் கீழே "எஸ்.சி. 10%" என்று 396. அதற்கும் கீழே சி.ஜி.எஸ்.டி. 108.90, எஸ்.ஜி.எஸ்.டி. 108.90. ஆக 4,574. நெஞ்சு திக்கென்றது, ஆனால் நாலு பேர் பார்க்கிற இடம், எதிரே இன்னொரு தமிழ்க் குடும்பம் வேறு. கணவர் பணத்தை வைத்தார். சில்லறையைக்கூட டிப்ஸாக விட்டுவிட்டு வந்தோம்.

இரவு பில்லைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் புலம்பலாகப் போட்டேன். கோவையில் இருக்கிற கொழுந்தனார் உடனே கூப்பிட்டார். "அண்ணி, அந்த எஸ்.சி. என்னன்னு தெரியுமா? அதை எதுக்குக் குடுத்தீங்க?" நாங்கள் இரண்டு பேருமே அதை ஜி.எஸ்.டி.யின் ஒரு வகை என்றுதான் நினைத்திருந்தோம். எஸ்.ஜி.எஸ்.டி.க்கு மேலேயே எஸ்.சி. என்று போட்டால் யாருக்குத்தான் தோன்றும்? அது சர்வீஸ் சார்ஜ். அரசுக்குப் போகிற வரி இல்லை, ஹோட்டல்காரரே வைத்துக்கொள்வது.

அவர் சொன்னபின் தேடிப் படித்தேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதியே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக்கூடாது, தரமாட்டேன் என்கிறவரை உள்ளே விடாமல் இருக்கக்கூடாது, அதைப் பில்லில் சேர்த்து மொத்தத்தின்மேல் ஜி.எஸ்.டி. போடவும் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 மார்ச் 28-ஆம் தேதி அந்த நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் பில்லை மறுபடி எடுத்துக் கணக்குப் போட்டேன். 3,960-க்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்றால் 198. அவர்கள் வாங்கியது 217.80. அதாவது கொடுக்கத் தேவையில்லாத பணத்துக்கு வரியும் கட்டியிருக்கிறோம்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் எனக்குச் சாதகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. 20 ரூபாய் பாட்டிலை 90-க்கு விற்றால் வயிறு எரிகிறது, ஆனால் உட்கார வைத்துப் பரிமாறுகிற ஹோட்டல்கள் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இலேயே சொல்லிவிட்டது. அதனால் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுங்கள், சாதாரணத் தண்ணீர் கேளுங்கள். தாலி விலையும் அப்படித்தான். 590 என்பது கொள்ளைதான், குற்றமில்லை. கேட்காமல் சாப்பிட்டது எங்கள் தவறு.

மறுநாள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். தமிழிலும் பேச முடிகிறது. பில்லில் ஹோட்டலின் ஜி.எஸ்.டி. எண் இருந்தது, ஆனால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தருகிற 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணைக் காணோம். 2022 ஜனவரி முதல் அதுவும் பில்லில் இருந்தாக வேண்டும். புகார் எண் வந்திருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை.

சொன்னால் நடக்கிறதா என்று கேட்பீர்கள். நடக்கிறது. இரண்டு நாள் கழித்து கனாட் பிளேஸில் ஒரு இடத்தில் சாப்பிட்டோம். அங்கேயும் அதே 10 சதவீதம். இந்தமுறை கணவர் பில்லோடு கல்லாவுக்குப் போய், "சர்வீஸ் சார்ஜ் ஹடாயியே" (சர்வீஸ் சார்ஜை எடுத்துவிடுங்கள்) என்று, கொழுந்தனார் சொல்லிக்கொடுத்த ஒரே ஹிந்தி வாக்கியத்தைச் சொன்னார். கல்லாவில் இருந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. புது பில் அடித்துக் கொடுத்தார். முகம் மட்டும் சுருங்கியது. அது அவர் பாடு.

இதையெல்லாம் படித்துவிட்டு டெல்லியில் நல்ல சாப்பாடே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். ராமகிருஷ்ணபுரத்தில் உத்தர சுவாமிமலைக் கோயில் இருக்கிறது, மலை மந்திர் என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். அங்கே பிரகாரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாமியிடம் எங்கள் கதையைச் சொன்னேன். முப்பது வருடமாக டெல்லிக்காரர். "டிரைவர் கிட்ட போய் யாராவது கேப்பாளோ? ஆந்திரா பவனுக்குப் போங்கோ" என்றார். இந்தியா கேட் பக்கம் அசோகா சாலையில் இருக்கிற ஆந்திர அரசு விருந்தினர் இல்லத்தின் கேண்டீன் அது. முதலில் டோக்கன், அப்புறம் இடம் பிடிக்க ஒரு சின்ன யுத்தம், யார் மேஜை என்றெல்லாம் பார்க்க முடியாது. சூடு சாதம், பொடி, நெய், பருப்பு, ஊறுகாய் என்று கேட்கக் கேட்க வந்தது. பக்கத்தில் கழுத்தில் அலுவலக அடையாள அட்டையோடு வேகவேகமாகச் சாப்பிட்டவர்களெல்லாம் உள்ளூர்க்காரர்கள். அத்தை அங்கேதான் மூன்று நாளைக்கு அப்புறம் இரண்டாம் முறை சோறு கேட்டார். ஐந்து பேருக்கும் சேர்த்து அன்றைய பில்லில் பாதிகூட ஆகவில்லை.

இன்னொரு நாள் பங்களா சாஹிப் குருத்வாராவில் தலையில் துணி கட்டிக்கொண்டு வரிசையில் தரையில் உட்கார்ந்தோம். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். அங்கே யாரும் காசு கேட்பதில்லை. சின்னவள் காரமில்லாத பருப்பை ஒரு பிடி பிடித்தாள்.

நட்சத்திரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த ஹோட்டலுக்கு மேப்பில் 4.6. ஐந்து நட்சத்திர விமர்சனங்களைப் படித்தால் பாதியில் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை, பரிமாறுபவர்களின் பெயர்தான் மாற்றி மாற்றி வருகிறது. அவ்வளவும் குல்ஃபி. ஒற்றை நட்சத்திரங்களை மட்டும் தேடிப் படித்தபோது தண்ணீர் பாட்டில், நான் கூடை, எஸ்.சி. என்று எங்கள் கதை அப்படியே மூன்று மொழிகளில் இருந்தது. உள்ளே போவதற்கு முன் காரில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் இதைச் செய்திருக்கலாம்.

என் கணக்கிலிருந்து போன ஐந்து நட்சத்திரத்தை ஒன்றாக மாற்றி, பில்லின் படத்தோடு எல்லாவற்றையும் எழுதினேன். மறுநாளே ஹோட்டலிடமிருந்து பதில் வந்தது: உங்கள் அன்பான சொற்களுக்கு நன்றி, குடும்பத்தோடு மீண்டும் வாருங்கள். அத்தைக்கு அதைத் தமிழில் சொன்னேன். அவர் மடியில் வைத்து உரித்துக்கொண்டிருந்த பட்டாணியை விட்டு நிமிரவே இல்லை. "அவங்கள நம்மூட்டுக்கு வரச்சொல்லி எழுது கண்ணு. தயிர்சோறு எப்படிப் பெசையோணும்னு காட்டித் தாரேன்" என்றார்.