168 பவுண்டு மிச்சம் பிடித்த கதை

போன செப்டம்பரில் அம்மாவையும் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு தென்கிழக்கு இங்கிலாந்தில் கென்ட், சசெக்ஸ் பக்கம் ஐந்து இரவு நடைச் சுற்றுலா போய் வந்தேன். போய் வந்தேன் என்பதைவிட மாட்டிக்கொண்டு மீண்டேன் என்பதே சரி. ஊரிலிருந்து பெரியவர்களை வரவழைத்து, லண்டனில் காட்ட வேண்டியதையெல்லாம் காட்டி முடித்து, அடுத்து எங்கே கூட்டிப்போவது என்று யோசிப்பவர்கள் கண்ணில் இது பட்டால் போதும்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தகராறு இன்னும் முழுசாக முடியவில்லை, அது ஒன்று. இன்னொன்று, இதே மாதிரி விளம்பரம் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஒரு பெயரை ஒதுக்கிவிட்டு அடுத்தவரிடம் போய் விழுவதில் என்ன பயன்?

விளம்பரம் இப்படி: “ஜென்டில் வாக்கிங் ஹாலிடே. மூன்று கோட்டைகள், நான்கு தோட்டங்கள், தினம் மூன்று மணி நேர நிதான நடை. பெட்டிகளை நாங்கள் கொண்டுவந்து சேர்ப்போம். தோட்ட அனுமதி உண்டு.” மேலே சிசிங்ஹர்ஸ்ட் வெள்ளைத் தோட்டத்தின் படம். நடுவில் ஒரு பந்தல், அதன் மேல் மேகம் இறங்கினாற்போல வெள்ளை ரோஜா. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அம்மா “இங்கே போலாமா” என்றார்.

போன் செய்து விசாரித்தேன். அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி உண்டு. பெரியம்மாவுக்கு 71, புடவைதான் கட்டுவார். இரண்டையும் தெளிவாகச் சொன்னேன். “எங்கள் விருந்தினர்களில் பெரும்பாலானோர் பணி ஓய்வு பெற்றவர்கள்தான், கவலையே வேண்டாம்” என்றார் அந்தப் பக்கம் பேசியவர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இங்கே ஓய்வு பெற்று நடக்கிறவர்கள் வேறு ரகம். ஐம்பது வருடமாக ஞாயிறுதோறும் சேற்றில் நடந்து பழகிய கால்கள் அவை. கும்பகோணத்தில் மாலையில் கோயில் பிராகாரத்தைச் சுற்றுகிற கால்களையும் அவற்றையும் ஒரே தராசில் வைத்தது என் முட்டாள்தனம்.

ஆளுக்கு 1,120 பவுண்டு, மூவருக்கு 3,360. “கிரெடிட் கார்டு வேண்டாம், நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி” என்றார்கள். 168 பவுண்டு. விடுவேனா? அன்றே அனுப்பிவிட்டேன். இந்தப் பதிவே அந்த ஒரு ‘அனுப்பு’ பொத்தானைப் பற்றியதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை சேரிங் கிராஸில் ரயிலேறி ஸ்டேபிள்ஹர்ஸ்டில் இறங்கினோம். டாக்சி வந்தது. கிரான்புரூக்கில் விடுதி. 1814-ல் கட்டிய பெரிய மரக் காற்றாலை ஊருக்கு மேலே வெள்ளையாக நிற்கிறது, அழகான ஊர். ஒப்புக்கொண்ட விடுதி மட்டும் இல்லை. “அதற்குச் சமமானது” என்று பப் ஒன்றின் மாடியில் அறை. குறுகிய படி, கீழே பதினொரு மணி வரை பாட்டு. சரி, ஒரு ராத்திரிதானே என்று விட்டேன். இரண்டு ராத்திரி.

ஞாயிற்றுக்கிழமை நடை தொடங்கியது. கையில் கொடுத்த நோட்ஸ் எந்தக் காலத்தில் எழுதியதோ! “சிவப்பு டெலிபோன் பெட்டியில் இடதுபக்கம் திரும்பவும்.” பெட்டியே இல்லை. “ஹாப் தோட்டத்தை ஒட்டி நடக்கவும்.” பீருக்குப் போடும் ஹாப் கொடி ஒரு காலத்தில் கென்ட் முழுக்க இருந்ததுதான். நாங்கள் பார்த்த இடத்தில் வரிசை வரிசையாகத் திராட்சை. ஹாப் காயவைத்த கூம்புக் கூரைக் கட்டடங்கள் மட்டும் வெள்ளைக் குல்லாயோடு நிற்கின்றன, இப்போது அவை பணக்காரர்களின் வீடுகள்.

அப்புறம் வேலிகள். இங்கே பொது நடைபாதை வயல்களுக்கு நடுவே போகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிச் சட்டப்படி எவரும் நடக்கக்கூடிய பாதை சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கிறது. நினைத்துப் பார்த்தால் பெரிய விஷயம்தான், அடுத்தவன் வயலில் நாம் பாட்டுக்கு நடக்கலாம். ஆனால் மாடு வெளியே போகக்கூடாது, மனிதன் உள்ளே வர வேண்டும் என்பதற்காக வேலியில் குறுக்கே ஒரு பலகை வைத்திருப்பார்கள். அதில் ஏறி, வேலிக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இதற்குப் பெயர் ஸ்டைல்.

“ஸ்டைல்னா ரஜினி ஸ்டைலுன்னு நெனச்சேன்டி” என்றார் பெரியம்மா, முதல் வேலியின் மேல் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடி. முதல் இரண்டுக்குச் சிரித்தோம். அன்று மொத்தம் பதினான்கு. ஆறாவதில் பலகை ஆடியது. ஒன்பதாவதில் அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். முந்தைய நாள் மழை. அந்தப் பக்கத்து மண் களிமண், ஷூவோடு ஒட்டிக்கொண்டு வந்து காலுக்கு ஒரு கிலோ கூட்டிவிடும். நடுவில் ஒரு வயலில் இளங்காளைகள் கூட்டமாக எங்களை நோக்கி வந்தபோது நான் உறைந்து நின்றேன். பெரியம்மா மட்டும் “ஹை, ஹை, தள்ளு” என்று அதட்டினார், அவை தமிழ் தெரிந்ததுபோல ஒதுங்கின. அன்றைய நடையில் எங்கள் பக்கம் கிடைத்த ஒரே வெற்றி அது.

அன்றைக்கு 8.5 மைல். மூன்று மணி நேரம் என்று விளம்பரத்தில் போட்ட கணக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு புரிந்தது. 1892-ல் வில்லியம் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி ஒன்று உண்டு: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். மலையேறுகிறவர்களுக்கான கணக்கு. அதில் உட்காருவது இல்லை, போட்டோ எடுப்பது இல்லை, வேலி தாண்டுவதும் இல்லை. எங்களுக்கு ஆறரை மணி நேரம் ஆனது. ஆகவே “எத்தனை மணி நேரம்” என்று கேட்காதீர்கள். எத்தனை மைல், எத்தனை அடி ஏற்றம், எத்தனை ஸ்டைல் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் பாதையில் அவர்கள் நடந்ததே இல்லை என்று அர்த்தம்.

சிசிங்ஹர்ஸ்ட் வாசலில் அடுத்தது. எங்கள் வவுச்சரைப் பார்த்த பெண், “இது நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர்களுக்கானது, உங்கள் கார்டு?” என்றார். இந்த இடங்களையெல்லாம் பராமரிக்கும் அமைப்பு அது, அதன் உறுப்பினர்களுக்கு எப்படியும் இலவசம்தான்! “அனுமதி உண்டு” என்பதன் கீழே, எறும்பு அளவு எழுத்தில், “உறுப்பினர்களுக்கு” என்று இருந்திருக்கிறது. அங்கே, பிறகு பொடியம் கோட்டையில், ஸ்காட்னி கோட்டையில் என்று மூன்று இடங்களுக்கும் கைக்காசு கொடுத்ததில் நூறு பவுண்டுக்கு மேல் போனது.

உள்ளே போனால் ரோஜாப் பந்தலில் இலை மட்டும். அங்கிருந்த தன்னார்வலர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார், அந்த ரோஜா பூப்பது ஜூலைத் தொடக்கத்தில், வருடத்துக்கு ஒரே ஒரு முறை. செப்டம்பர் பயணத்துக்கு ஜூலைப் படம்! ஆனாலும் தோட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். 1930-ல் எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட்டும் அவர் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும் பாழடைந்த இடமாக வாங்கி உண்டாக்கியது. கோபுரத்தில் 78 படி, அம்மா கீழேயே உட்கார்ந்துவிட, பெரியம்மா ஏறிவிட்டார். மேலேயிருந்து பார்க்கும்போதுதான் தோட்டம் அறை அறையாகப் பிரித்திருப்பது தெரிகிறது. விளம்பரம் கோட்டைக் கணக்கில் சேர்த்திருந்தாலும், கோட்டை என்று ஒன்றும் இல்லை அங்கே. ஏழாண்டுப் போரில் பிரெஞ்சுக் கைதிகளை அடைத்து வைத்திருந்த பழைய மாளிகை, அந்தக் கைதிகள் சொல்லித்தான் கோட்டை என்ற பெயர் ஒட்டியதாம். ஸ்காட்னியில் பழைய கோட்டையைப் பாதி இடித்ததே தோட்டத்துக்குள் பார்க்க அழகாக இருக்கட்டும் என்றுதான். மூன்று கோட்டைகளில் 1385-ல் எழுந்த பொடியம் ஒன்றுதான் அகழியும் கோபுரமுமாக நிஜக் கோட்டை. அதுவும் உள்ளே வெறும் சுவர்.

திங்கட்கிழமை நார்தியம். கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்துக்குப் போகிறோம். வழக்கமான திங்கட்கிழமைகளில் அங்கே விடுமுறை. இதை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம், நான் பார்க்கவில்லை. பணம் வாங்கித் திட்டம் போட்டவர்களும் பார்க்கவில்லை. நிறுவனத்தின் அவசர எண்ணை அழைத்தால் குரல் பதிவு. அன்று பெட்டிகளும் நேரத்துக்கு வரவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வந்தன. அம்மாவின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் அந்தப் பெட்டியில். அந்த நான்கு மணி நேரத்தை நான் எழுத விரும்பவில்லை. மாத்திரை எப்போதும் தோள் பையில்தான் இருக்க வேண்டும், யார் என்ன உறுதி கொடுத்தாலும்.

மறுநாள் நோட்ஸை மடித்து வைத்துவிட்டு, சொந்தக் காசில் டாக்சி பிடித்து டிக்ஸ்டருக்குப் போனோம். கிறிஸ்டோபர் லாய்ட் என்ற மனிதர் தன் வீட்டு ரோஜாத் தோட்டத்தையே பிடுங்கி எறிந்துவிட்டு, கல்வாழையும் வாழையும் டேலியாவும் நட்ட இடம். இங்கிலாந்துக் குளிர் நாட்டில் தலைக்கு மேலே வாழை இலை. “இதப் பாக்கவாடி ரயிலேறி வந்தோம், நம்ம கொல்லையிலயே இருக்கே” என்று சொன்ன அம்மாதான் அங்கிருந்து கிளம்ப மறுத்தவரும். அந்த மூன்று மணி நேரம்தான் எங்கள் விடுமுறை. அதில் நிறுவனத்தின் பங்கு எதுவும் இல்லை.

சாப்பாடு பற்றி ஒரே வரி: “சைவம் ஏற்பாடு செய்திருக்கிறோம்” என்றால் ஐந்து ராத்திரியும் காளான் பர்கர். பருப்புப்பொடி எடுத்துப்போனோம், பிழைத்தோம்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். திரும்பி வந்ததும் புகார் அனுப்பினேன். “ஜென்டில் என்பது அவரவர் உடல்நிலையைப் பொறுத்தது” என்று பதில். அடுத்த பயணத்துக்கு 150 பவுண்டு கூப்பன். கோபத்தில் வங்கியை அழைத்தேன்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974-ன் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-வது பிரிவு இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரையிலான பொருளோ சேவையோ சொன்னபடி இல்லையென்றால், விற்றவரோடு கார்டு கொடுத்த வங்கியும் சேர்ந்து பொறுப்பு. முழுத் தொகையும் கார்டில் கட்ட வேண்டியதுகூட இல்லை, முன்பணம் மட்டும் கட்டியிருந்தாலே போதும். நான் கார்டில் ஒரு பைசாவும் கட்டவில்லை. நேரடியாக அனுப்பிய பணத்துக்கு அந்தப் பிரிவு கிடையாது. மோசடியில் ஏமாந்து அனுப்பியவர்களுக்கு வங்கி திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து விதி உண்டே என்று கேட்டேன். “அது மோசடிக்கு. உங்களுடையது சேவைக் குறைபாடு, நிறுவனத்தோடு நீங்கள்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்” என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான், அதுதான் கடுப்பு. கம்பெனி நிஜம், அறை நிஜம், டாக்சி நிஜம். பொய்யாக இருந்தது விளம்பரம் மட்டும்.

அந்த 168 பவுண்டு தள்ளுபடி யாருக்கு லாபம் என்று அப்போதுதான் உறைத்தது. கார்டுக் கமிஷன் மிச்சம் என்பது அவர்கள் சொன்ன காரணம். கார்டு வங்கி கேள்வி கேட்காது என்பது சொல்லாத காரணம்.

பொதுமக்களுக்கு ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பில் இலவசமாகப் பேசினேன், உருப்படியான வழி அங்கேதான் கிடைத்தது. தங்குமிடத்தையும் பயணத்தையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் 2018-ன் பேக்கேஜ் பயண விதிமுறைகள் பொருந்தும். நடமாட்டக் குறைவு உள்ளவர்களுக்கு இந்தப் பயணம் பொதுவாகப் பொருந்துமா என்பதைப் பணம் வாங்கும் முன்பே அவர்கள் தெரிவித்திருக்க வேண்டும். முட்டி வலி பற்றி நான் போனில் சொன்னது உண்மை. ஆனால் போனில் மட்டும். ஒரு வரி மின்னஞ்சலில் எழுதியிருந்தால் கையில் சான்று இருந்திருக்கும். நல்லவேளை, வவுச்சர், மூடிய வாசல், ஆடிய பலகை என்று எல்லாவற்றுக்கும் படம் வைத்திருந்தேன். இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரை சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே போடலாம். வழக்குக்கு முந்தைய கடிதம் ஒன்று அனுப்பிய பத்தாம் நாள், கூப்பன் 400 பவுண்டு ரொக்கமாக மாறியது. வாங்கவில்லை. ஆயிரம் கேட்டிருக்கிறேன்.

மறுபடி போவீர்களா என்றால், போவேன். ஒரே ஊரில் அறை எடுத்து, பெட்டியை நகர்த்தாமல். டென்டர்டனில் தங்கினால், ஓடும் நாளாகப் பார்த்து நீராவி ரயிலில் பொடியம் வரை போய் வரலாம், ஸ்டேஷனிலிருந்து கோட்டை கூப்பிடு தூரம். நடக்க ஆசைப்பட்டால் இங்கத்திய அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரைபடம் ஒன்று வாங்குங்கள். அதில் பச்சைக் கோடு சின்னச் சின்னதாக இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டுமான பாதை, நீளக் கோடாக இருந்தால் குதிரையும் போகும் பாதை. தரையில் முன்னதற்கு மஞ்சள் அம்பு, பின்னதற்கு நீல அம்பு. குதிரை ஸ்டைல் தாண்டாது, அதனால் நீல அம்புப் பாதையில் கேட்தான் இருக்கும். புடவை கட்டியவர்களுக்கு நீல அம்பு. இந்த ஒரு தகவலுக்கு நான் மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்திருக்கிறேன்.

நேற்று அந்த நிறுவனத்தின் பக்கத்தைப் பார்த்தேன். அதே வெள்ளை ரோஜாப் பந்தல். கீழே, “செப்டம்பர் தேதிகளில் சில இடங்களே மீதம். வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி.”